கடற்கரைப் பக்கம் வீடா? கிழக்கே கடலைப் பார்க்கும் முன் மேற்கே பாருங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் கோயம்புத்தூரில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை, அவர் வங்கியில் வேலை பார்க்கிறார், இருவருக்கும் அடுத்த வருடம் ஓய்வு. மகன் சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலையில் இருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில், கடல் காற்று வருகிற மாதிரி ஒரு வீடு வாங்கலாம் என்று திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை பார்த்து, மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்று, ஈஞ்சம்பாக்கம் தாண்டி கடலிலிருந்து இரண்டாவது தெருவில் தனி வீடு, மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரிகிறது. இரண்டாவது, ஈசிஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) மேற்கே கால்வாய்ப் பக்கம் புதிதாகக் கட்டிய வில்லா, செக்யூரிட்டி, நீச்சல் குளம் எல்லாம் உண்டு. மூன்றாவது, பாலவாக்கத்தில் எட்டு வீடுகள் உள்ள பழைய அடுக்குமாடியில் முதல் மாடி. ஆனால் அடுத்த தெருவிலேயே மீனவர் குப்பம், சொந்தக்காரர்கள் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு சுனாமி பயம் இருக்கிறது. அதைவிட, வயதான காலத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கப்போகிறோம், அக்கம்பக்கம் நல்லபடியாக அமைய வேண்டுமே என்ற கவலை. எதை வாங்கலாம்?

பதில்:

வணக்கம் சகோதரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, சொந்தக்காரர்கள் வேண்டாம் என்கிற அந்தப் பாலவாக்கம் வீட்டைத்தான். கால்வாய்ப் பக்க வில்லாவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஈஞ்சம்பாக்கம் வீடு முழுக்க முழுக்கக் காகிதத்தைப் பொறுத்தது, காகிதம் சரியாக இல்லையென்றால் மொட்டை மாடியிலிருந்து கடல் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கே தரகர் நான்காவதாக ஒரு வீட்டைக் காட்டுவார், அப்போது நீங்களே எடைபோட வேண்டும். நான் கட்டுமானப் பொறியாளன், வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பீடு செய்து கொடுப்பது என் தொழில், இந்தக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம்.

கடலோரத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கிழக்கே பார்க்கிறார்கள். கடல் எவ்வளவு தூரம், அலை எவ்வளவு உயரம், சுனாமி வந்தால் என்ன ஆகும். ஆனால் இந்தப் பகுதியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதைகளைக் கேட்டால், பெரும்பாலும் அது மேற்கிலிருந்து வந்த மழைத்தண்ணீராகத்தான் இருக்கும். நிலம் எப்படிக் கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது புரியும். கடலிலிருந்து மேற்கே நடந்தால் முதலில் மணற்கரை, அப்புறம் கரைக்கு இணையாக ஓடும் மணல்மேடு, அதன் மேலும் அதை ஒட்டியும் பழைய ஊர்கள், அப்புறம் ஈசிஆர். அதைத் தாண்டினால் தரை இறங்க ஆரம்பிக்கிறது, இறங்கிப் போய்ப் பக்கிங்காம் கால்வாயில் முடிகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஓஎம்ஆர், அதற்கும் அந்தப் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் இறங்கி, அங்கிருந்து பல கிலோமீட்டர் தெற்கே போய் முட்டுக்காடு, கோவளம் பக்கம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். இவ்வளவு தண்ணீருக்கும் வழி அந்த ஒரு கால்வாய்தான். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தாலோ, கடல் ஏற்றத்தில் இருந்தாலோ தண்ணீர் வெளியேறாது, கால்வாயோரத்தில் அப்படியே தேங்கி நிற்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை, கடலில் இருந்தபடியே கடந்து ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கரையேறியது. ஆனாலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. காற்றை விட, கடலை விட, வடிய வழியில்லாத மழைத்தண்ணீர்தான் ஆளை முடக்கியது. அதனால்தான் கால்வாய்ப் பக்க வில்லா என்றதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. புது வீடு, ஒரு பெரிய மழையைக் கூட அது இன்னும் பார்த்திருக்காது. மண் கொட்டி மேடாக்கியிருப்பார்கள், வீட்டுக்குள் தண்ணீர் வராமல் கூட இருக்கலாம், ஆனால் வீட்டிலிருந்து ஈசிஆர் வரை வருகிற தெருவை யாரும் மேடாக்கியிருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் காய்ந்த தரையில் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்றால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? அந்த இடத்தின் அ-பதிவேட்டையும் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். கழுவெளி (சதுப்பு நிலம்), ஓடை, வாய்க்கால் என்று நிலத்துக்குள்ளோ ஒட்டியோ எங்காவது இருந்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். தண்ணீர் பழைய வழியை மறக்காது. அதோடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள், 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனையில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்கிற எந்தப் புதுத் திட்டத்துக்கும் அது இருந்தாக வேண்டும்.

தெரு மேடா பள்ளமா என்று பார்ப்பதற்கு என்ஜினீயர் தேவையில்லை. தெருவில் நின்று, வீடுகளின் வாசற்படியைப் பாருங்கள். பழைய வீடுகளின் வாசல் சாலையை விடத் தாழ்ந்து கிடந்தால், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுப் போட்டுச் சாலையை உயர்த்திவிட்டார்கள் என்று அர்த்தம், மழைத்தண்ணீர் இனி வீட்டுப் பக்கம்தான் ஓடும். மின்சார மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் நாலைந்து வீட்டில் அதை மார்பளவுக்கு மேல் தூக்கி மாட்டியிருந்தால், அவர்கள் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். காம்பவுண்டு சுவரின் உள்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே, மோட்டார் அறை, இந்த மூன்று இடத்திலும் பெயின்ட் அடிக்க மறந்திருப்பார்கள், தண்ணீர் நின்ற கோடு இருந்தால் அங்கே தெரியும். தெரு முனையில் பஞ்சர் கடையோ பழைய மளிகைக் கடையோ இருந்தால் ஷட்டரின் அடிப்பகுதி எதுவரை துருப்பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கேளுங்கள். "இங்கே தண்ணீர் வருமா?" என்று கேட்டால் எல்லோரும் "வராதுங்க" என்றுதான் சொல்வார்கள். "2015ல் இந்தக் கடைக்குள் எதுவரை வந்தது?", "வர்தா புயலுக்கு அப்புறம் கரண்ட் எத்தனை நாள் கழித்து வந்தது?" என்று கேட்டால் கையைக் காட்டி அளவோடு சொல்வார்கள். வர்தா 2016 டிசம்பர் 12 அன்று சென்னைப் பக்கம் கரையேறியது, அந்த வருடம் இங்கே குடியிருந்தவர்கள் யாருக்கும் அந்த நாட்கள் மறக்காது.

சரி, சுனாமிக்கு வருகிறேன். உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சென்னையிலும் கரையோரக் குப்பங்களும் மெரினாவும் அடிவாங்கின. ஆனால் கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்பது மட்டுமே அன்றைக்கு விதியைத் தீர்மானிக்கவில்லை. நிலம் தட்டையாகத் தாழ்ந்து கிடந்த இடங்களிலும், ஆற்று முகத்துவாரங்களிலும் கழிமுகங்களிலும் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போனது. மணல்மேடும் மரமும் மிஞ்சியிருந்த இடங்களில் அதன் வேகம் குறைந்தது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று விஷயம்: முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது (இந்தக் கரையில் அடையாறு வாயும் முட்டுக்காடு, கோவளம் பக்கமும் அப்படிப்பட்ட இடங்கள்), கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் மணல்மேடு அழிக்கப்படாமல் இருக்க வேண்டும், தெருவிலிருந்து நேரே மேற்கே நடந்து வெளியேற வழி இருக்க வேண்டும், முட்டுச்சந்தாக இருக்கக் கூடாது. முதல் மாடியில் குடியிருப்பது இந்த விஷயத்தில் பெரிய பலம். 2004ல் நமக்கு எச்சரிக்கை அமைப்பே கிடையாது, 2007லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. எச்சரிக்கை வந்தால் நிதானமாக மேற்கே நடக்கும் அளவுக்கு நேரம் கிடைக்க வாய்ப்பு அதிகம், இந்தோனேசியப் பக்கம் நடக்கிற நிலநடுக்கத்தின் அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தினசரி நடக்கிற, ஆனால் யாரும் கேட்காத ஆபத்து கடல் அரிப்பு. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க, மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பித் தெற்கே வரும். வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) கட்டி மறித்தால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரித்துக்கொண்டு போகும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா இவ்வளவு அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்து கல் கொட்ட வேண்டி வந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1989ல் துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு நகரத்தின் கடற்கரை மணலே காணாமல் போனது, வடக்கே உள்ள மீனவ ஊர்கள் ஒவ்வொன்றாக வீடுகளை இழந்தன. ஆகவே கரைக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறவர் தன் இடத்துக்குத் தெற்கே என்ன கட்டியிருக்கிறார்கள், என்ன கட்டப்போகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது, உங்கள் மகனை உட்காரவைத்து ஈஞ்சம்பாக்கம் வீட்டுக்கு எதிரே கரை எப்படி மாறியிருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கச் சொல்லுங்கள்.

அதே ஈஞ்சம்பாக்கம் வீட்டுக்கு அடுத்த கேள்வி சிஆர்இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடலேற்றத்தில் தண்ணீர் எட்டுகிற எல்லை) நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இந்த மண்டலம், கால்வாய், கழிமுகம் போன்ற கடலேற்றம் வந்துபோகிற நீர்நிலைகளின் ஓரத்துக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. இதன் விதிகள் 2011லும் 2019லும் மாறியிருக்கின்றன. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதியா, கிராமப் பகுதியா என்பதைப் பொறுத்து எது வரை கட்டலாம் என்பது வேறுபடும். நகர்ப்பகுதியில், ஏற்கெனவே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டட வரிசைக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்ட முடியும், கடல் பக்கமாக முடியாது. சென்னை மாநகராட்சி எல்லை உத்தண்டியோடு முடிகிறது, அதற்குத் தெற்கே கானத்தூர், முட்டுக்காடு எல்லாம் ஊராட்சிகள், ஒரே சாலையில் நான்கு கிலோமீட்டர் தள்ளினாலே சட்டமும் மாறும், குப்பை அள்ளுவதும் தெருவிளக்கும் தண்ணீரும் கூட மாறும்.

விற்கிறவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: கட்டட அனுமதி வரைபடம், அந்தக் காலத்தில் தேவைப்பட்டிருந்தால் சிஆர்இசட் ஒப்புதல், பிறகு சர்வே எண். கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் சர்வே எண்களோடு தயாரிக்கப்படுகின்றன, உங்கள் எண் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று அதில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் உயர் அலைக் கோட்டை அளந்து குறித்துத் தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அதில் ஒன்று. செலவு ஆகும், ஆனால் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிற இடத்தில் அந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள். "இந்தத் தெருவில் எல்லாரும் கட்டியிருக்காங்க மேடம், யாரும் கேட்டதில்லை" என்று தரகர் சொன்னால், அனுமதி இல்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள், இதை வழக்கறிஞர்கள் பொதுவாகக் கேட்பதில்லை. அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது? கரையோரத்தில் பல இடங்கள் படகு ஏற்றி வைக்கவும், வலை உலர்த்திப் பழுதுபார்க்கவும், மீன் காயப்போடவும் குப்பத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய நிலம். அவர்கள் கையில் பட்டா இருக்காது, ஆனால் ஊர் முழுவதுக்கும் அது யார் இடம் என்று தெரியும். அந்த நிலத்தில் எழுந்த வீட்டையோ, கடலுக்குப் போகிற பொதுவழியைக் காம்பவுண்டு சுவரால் மறித்த வீட்டையோ வாங்கினால், பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குடிபோகிற அன்றைக்கே நீங்கள் ஊரோடு ஒரு சண்டையையும் சேர்த்து வாங்கியவர் ஆவீர்கள். அந்தக் கோபம் நியாயமானதும் கூட.

இங்கேதான் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதோடு நான் முழுதாக வேறுபடுகிறேன். குப்பம் பக்கத்தில் இருப்பது ஆபத்து என்று ஒரு பேச்சு எப்போதும் உலவுகிறது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர் என்று இந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பம் உண்டு, நமக்கெல்லாம் முன்னாலிருந்தே அவர்கள் இங்கே இருக்கிறார்கள். பழைய குப்பமும் பழைய ஊரும் எந்த மேட்டில் இருக்கின்றனவோ அது பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே தண்ணீர் தேங்காத மேடு. 2015 வெள்ளத்தில் நகரத்துக்குள் படகைக் கொண்டுவந்து ஆட்களை மீட்டவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் மீனவர்கள். கடல் முகம் மாறுகிறது என்றால் செல்போனுக்குச் செய்தி வருவதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் கடலுக்குப் போகிற ஆட்கள் நடமாடுகிற தெருவில், ஆளரவமே இல்லாத பங்களாத் தெருவை விடத் திருட்டு பயம் குறைவு. மீன் விற்கிற அக்காவிடம் நாலு நாள் வாங்கினால் ஐந்தாம் நாள் நீங்கள் வாசலுக்கு வரவில்லையென்றால் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக் கதவைத் தட்டுவார். வில்லாவின் செக்யூரிட்டி நுழைவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார், அதோடு சரி. மாசி மகத்துக்கும் அம்மன் கோவில் திருவிழாவுக்கும் மைக் சத்தம் இருக்கும், மீன் காயும் வாசனை இருக்கும், அது பிடிக்காது என்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். பிடிக்கும், பழகிக்கொள்வோம் என்றால் அது மாதிரி அக்கம்பக்கம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அக்கம்பக்கம் எப்படி என்று கண்டுபிடிக்க, தரகர் இல்லாமல் போங்கள். ஒரு செவ்வாயோ புதனோ, இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் மெதுவாக நடந்து எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஈசிஆரின் கடலோரத் தெருக்களில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நிறைய வீடுகள் சனி ஞாயிறுக்கு மட்டும் வருகிறவர்களுடையவை, சில வீடுகள் விருந்துக்கும் பார்ட்டிக்கும் நாள் வாடகைக்கு விடப்படுபவை. வார நாளில் வாட்ச்மேன் அறையில் மட்டும் விளக்கு எரிகிற தெருவில், நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் குடியிருப்பவர்களாக இருப்பீர்கள். அதே தெருவுக்குச் சனிக்கிழமை இரவு பத்தரைக்கு மறுபடி போய்ப் பாருங்கள், ஸ்பீக்கர் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். காலை ஆறு மணிக்கு பால் வாங்குகிற இடத்தில் நில்லுங்கள். வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிப் பேசுகிறார்களா, உங்களைப் பார்த்து "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்கிறார்களா? அப்படிக் கேட்கிற தெரு நல்ல தெரு.

குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் அதன் செயலாளரைப் போய்ப் பாருங்கள். வாங்கப் போகிறவர் என்று சொன்னால் பெரும்பாலும் உட்காரவைத்துப் பேசுவார்கள். சண்டைகளைப் பற்றிக் கேளுங்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதில் அந்த ஊரின் குணம் தெரியும். இந்தப் பக்கத்துச் சங்கங்கள் சில, மழைத்தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிற மணல் தரையில் கான்கிரீட் வடிகால் போட வேண்டாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவை. தன் மண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் எனக்கு நிம்மதி. கார் நிறுத்துகிற இடத்துக்காக மட்டும் வழக்கு நடக்கிற அடுக்குமாடி என்றால் யோசியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: மருந்துக் கடை, பால், காய்கறி, பஸ் நிறுத்தம் இதெல்லாம் ஈசிஆரின் எந்தப் பக்கம் இருக்கிறது? சாலையை அகலப்படுத்தியதில் வண்டிகளுக்கு நல்லது நடந்திருக்கலாம், எழுபது வயதில் அதைக் கடப்பது வேறு விஷயம். தினமும் கடக்காமல் வாழ முடிகிற பக்கமாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீருக்கு வருவோம். மணல் நிலத்தில் மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீர் மேல் பால் மேல் ஆடை மாதிரி மெல்லியதாக மிதக்கிறது. பழைய ஆட்கள் ஆழம் குறைந்த உறைக்கிணறு வைத்து அந்த மேல் தண்ணீரை மட்டும் எடுத்தார்கள், நல்ல தண்ணீராகவே இருந்தது. ஆழமாக போர் போட்டு, பெரிய மோட்டார் வைத்து, லாரிக்கும் விற்க ஆரம்பித்த இடங்களில் அடியிலிருந்து உப்பு ஏறிவிட்டது. ஏறின உப்பு லேசில் இறங்காது. வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், சில நூறு ரூபாய்தான். குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. மழைக்காலத்தில் பார்த்த எண்ணை நம்பாதீர்கள், மே மாதத்து எண்தான் உண்மையான எண். மெட்ரோ தண்ணீர் இணைப்பு வீட்டுக்குள் வருகிறதா, இல்லை தெரு வரைக்கும்தானா, கோடையில் மாதத்துக்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள், பாதாளச் சாக்கடை இருக்கிறதா, இல்லை செப்டிக் டேங்கா, அது கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், இதெல்லாம் மாடி வீட்டில் இருக்கும் வாடகைக்காரரைக் கேட்டால் உண்மையைச் சொல்வார். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன என்பதை வைத்து உங்கள் தெருவுக்கும் அந்தத் தண்ணீர் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், குழாய் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டின் உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது என் தொழில். கடல் காற்றில் இருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பிடித்த கம்பி பருத்து மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இந்தியத் தரக் குறியீடு 456 கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. பழைய வீடுகளில் பாதிக்கு மேல் இதைப் பார்த்துக் கட்டினவை இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது சன்ஷேடின் அடிப்பகுதி, பால்கனியின் அடிப்பகுதி, மேல் மாடியின் உள்கூரை, தண்ணீர்த் தொட்டியின் கால்கள். கம்பி போகிற வழியிலேயே நீளமாக விரிசல், செம்பழுப்புக் கறை, ஒரு சாவியால் தட்டினால் வெற்றுச் சத்தம், இதில் எது இருந்தாலும் பொறியாளரைக் கூட்டிப்போகாமல் பேச்சை நகர்த்தாதீர்கள். ஈஞ்சம்பாக்கம் வீட்டுக்குச் சமீபத்தில்தான் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தால், முக்கியமாகக் கூரையின் உள்பக்கம் மட்டும் புதுசாக இருந்தால், நான் கண்டிப்பாகத் தட்டிப் பார்ப்பேன். ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கிரில், மொட்டை மாடிக் கைப்பிடி எல்லாம் கடல் பக்கம் சீக்கிரம் போகும், வருடா வருடம் அதற்கென்று பணம் ஒதுக்க வேண்டும். ஓய்வூதியக் கணக்குப் போடும்போது இதையும் சேருங்கள்.

பாலவாக்கம் வீட்டிலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அது பழசு. பத்திரத்தில் உங்களுக்கு எழுதித் தரும் நிலத்தின் பிரிபடாத பங்கு எவ்வளவு, எட்டு வீட்டின் பங்குகளையும் கூட்டினால் மொத்த மனையோடு ஒத்துப்போகிறதா, அனுமதி வரைபடத்தில் எத்தனை மாடி, நிஜத்தில் எத்தனை மாடி, வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது வருடத்துக்கு, தாய்ப்பத்திரம் எங்கே இருக்கிறது. மனை கிராம நத்தத்தில் (பழைய ஊர்க் குடியிருப்பு நிலம்) வருகிறதா, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்பதையும் வழக்கறிஞரிடம் தனியாகக் கேளுங்கள். அடுக்குமாடியின் மற்ற ஏழு வீட்டில் எத்தனை பேர் சொந்தக்காரர்களே குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள், குறைந்தது ஐந்து பேர் இருந்தால் நல்லது. லிப்ட் இல்லையென்றால் முதல் மாடிப் படிகள் உங்கள் முழங்காலுக்கு இன்னும் பதினைந்து வருடம் ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். சென்னைக் கடற்கரைகளில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர்களைக் கூட நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. குப்பத்துப் பிள்ளைகள் நீந்துகிறார்கள் என்று நம் பிள்ளைகளை இறக்கக் கூடாது, எந்த இடத்தில் இறங்கலாம், எந்த மாதத்தில் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு யோசனை. உங்களுக்கு ஓய்வு அடுத்த வருடம்தானே, அவசரம் எதுவும் இல்லை. பாலவாக்கத்திலேயே அந்தத் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் இருந்து பாருங்கள். முடிந்தால் சித்திரை, வைகாசி வரை நீட்டுங்கள், தண்ணீர்ப் பிரச்சினை, கரண்ட், புழுக்கம் எல்லாம் தெரிந்துவிடும். அந்த வாடகை வீண்செலவு இல்லை. அதுவரை யாருக்கும் டோக்கன் அட்வான்ஸ் என்று கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், அனுமதியிலோ சிஆர்இசட் மண்டலத்திலோ குறை தெரியவந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டுக் கொடுங்கள், வாய்வார்த்தையை நம்பிக் கொடுக்க வேண்டாம். ஈஞ்சம்பாக்கம் வீட்டின் சர்வே எண்ணும் அனுமதி வரைபடத்தின் நகலும் கைக்கு வந்தால், பாலவாக்கம் வீட்டின் சன்ஷேடு, பால்கனி அடிப்பகுதிப் படங்களோடு சேர்த்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.